வார இறுதி அமைதியாக இருக்குமாம்: பிரிட்டனின் நவம்பர் வானிலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புயல் வருகிறது என்றால் வானிலை அறிக்கையை ஒருமுறை கேட்டாலே போதும், எல்லோருக்கும் புரிந்துவிடும். நவம்பர் பின்பாதியில் பிரிட்டனின் தேசிய வானிலை மையமான மெட் ஆபீஸ், ‘நாடு முழுவதும் பெரும்பாலும் வறண்ட, காற்றில்லாத வார இறுதி’ என்று சொல்லும்போதுதான் குழப்பம். லண்டனில் இருப்பவர் ஒன்றை எதிர்பார்ப்பார், கிளாஸ்கோவில் இருப்பவர் இன்னொன்றை. இருவருமே ஏமாறலாம். அப்படிப்பட்ட வார இறுதிகளில் திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகள் இவை.

அமைதியான வானிலை என்றால் வெயில் அடிக்கும், அப்படித்தானே?

இல்லை. அந்த வாக்கியம் இரண்டே விஷயங்களுக்குத்தான் உறுதி தருகிறது: காற்று பெரிதாக இருக்காது, மழை பெரிதாக இருக்காது. வெயிலைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லை. 2024 நவம்பர் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். புயல் இல்லை, கொட்டும் மழை இல்லை. ஆனால் இங்கிலாந்தின் பல ஊர்களில் நாள்கணக்காகச் சூரியனையே பார்க்க முடியவில்லை. காலையும் சாம்பல், மாலையும் சாம்பல். அதுவும் அமைதியான வானிலைதான்.

உயர் அழுத்தம் என்றால் தெளிந்த வானம் என்று பள்ளியில் படித்தோமே?

படித்தது தவறில்லை, பாதிதான் சொல்லிக்கொடுத்தார்கள். உயர் அழுத்தப் பகுதியில் காற்று மேலிருந்து மெல்லக் கீழிறங்குகிறது. இறங்கும் காற்று அமுங்கி, 100 மீட்டருக்கு ஏறத்தாழ 1 டிகிரி வீதம் சூடாகிறது. ஆனால் அது தரைவரை வந்து சேர்வதில்லை. தரையை ஒட்டிக் குளிர்ந்த, ஈரமான காற்று ஏற்கெனவே தேங்கிக் கிடக்கிறது. அதன் மேல் இந்த வெதுவெதுப்பான காற்று பானைக்கு மூடி போட்ட மாதிரி உட்கார்ந்துவிடுகிறது. மேலே போகப் போகக் குளிரவேண்டிய காற்று, இந்த இடத்தில் மட்டும் மேலே போகப் போகச் சூடாக இருக்கும். கீழே உள்ள ஈரம், புகை, மேகம் எதுவும் அதைத் தாண்டி மேலே போக முடியாது.

ஜூன் மாதமென்றால் சூரியன் தரையைச் சூடாக்கி, அந்த மேகத்தை மதியத்துக்குள் கரைத்துவிடும். நவம்பர் கடைசியில் லண்டனில் நண்பகல் சூரியனே அடிவானத்திலிருந்து 18, 19 டிகிரி உயரத்துக்குத்தான் வருகிறது. இன்வர்னெஸில் 12, 13 டிகிரி. அந்தச் சாய்ந்த வெளிச்சத்துக்கு மேகத்தைக் கரைக்கும் தெம்பு கிடையாது. அதைக் கலைத்துவிடக் காற்றும் இல்லை. அதனால் மூடியபடியே கிடக்கிறது.

அழுத்தம் எவ்வளவு இருந்தால் ‘உயர்’ என்பார்கள்?

கடல் மட்டத்தில் சராசரி 1013 ஹெக்டோபாஸ்கல். இப்படிப்பட்ட வார இறுதிகளில் 1030 சாதாரணம், 1040-ம் பார்க்கலாம். பிரிட்டனின் உச்சம் 1053.6, 1902 ஜனவரி 31 அன்று ஸ்காட்லாந்தின் ஆக்டர்டைரில் பதிவானது. ஆனால் இந்த எண்ணை வைத்து ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. மையம் எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

மையம் எங்கே இருந்தால் எனக்கென்ன?

எல்லாமே அதில்தான் இருக்கிறது. வட அரைக்கோளத்தில் உயர் அழுத்த மையத்தைச் சுற்றிக் காற்று கடிகார முள் திசையில் நகரும். அது லேசான காற்றாக இருந்தாலும் எந்தக் கடலைத் தாண்டி வருகிறதோ அந்தக் கடலின் ஈரத்தை ஏந்தி வரும்.

மையம் ஸ்காண்டிநேவியா பக்கம் இருந்தால் நமக்குக் கிழக்குக் காற்று. வட கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு நியூகாசில் முதல் நார்விச் வரை, சில நாள் லண்டன் வரைக்கும், தாழ்மேகத்தைப் போர்த்திவிடும். அதே நேரத்தில் பென்னைன் மலைகளுக்கு அந்தப்புறம் லங்காஷயரிலும் மேற்கு வேல்ஸிலும் நீல வானம் தெரியும். மலையேறி ஈரத்தை இழந்த காற்று மறுபக்கம் வறண்டு இறங்குகிறது. நம்மூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. தென்மேற்குப் பருவத்தில் கேரளம் நனையும்போது மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப்புறம் காய்வது இதே கணக்குதான்.

மையம் தெற்கே, பிரான்ஸ் பக்கம் இருந்தால் அட்லாண்டிக்கிலிருந்து தென்மேற்குக் காற்று. குளிர் குறைவு, ஆனால் மேற்கு ஸ்காட்லாந்திலும் கம்ப்ரியாவிலும் சிணுசிணுவென்று தூறல். வட கிழக்கே அபர்டீன், மோரே பக்கம் எதிர்பாராத இளவெயில். மையம் மேற்கே அட்லாண்டிக்கில் நின்றால் வடக்குக் காற்று. பெரும்பாலான உள்நாட்டில் பளிச்சென்ற குளிர், கரையோரங்களில் மட்டும் தூறல்மழை.

மையம் நேராக நம் தலைக்கு மேலேயே வந்து நின்றால்தான் மிகக் கடினம். அப்போது காற்றே இல்லை. வானம் திறந்தால் உறைபனி, திறக்காவிட்டால் சாம்பல் மேகம், இரண்டுக்கும் நடுவில் மூடுபனி. எந்த ஊருக்கு எது என்று முந்தைய நாள் மாலைகூட உறுதியாகச் சொல்ல முடியாது. மெட் ஆபீஸ் உள்நாட்டு வானிலையைக் கணிக்கும் கணினி மாடல் நாட்டை 1.5 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. அதற்கும் சில நூறு மீட்டர் மட்டுமே தடிப்புள்ள மேகப் படலம் எப்போது உடையும் என்பது பெரிய தலைவலி.

என் கருத்தில், தேசிய அறிக்கை மிகக் குறைவாகப் பயன்படுவது இத்தகைய வார இறுதிகளில்தான். புயலுக்கு நாடு முழுவதும் ஒரே கதை. காற்றில்லாத நாளில் ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் ஒரு கதை.

பக்கத்து ஊரில் 6 டிகிரி, எங்கள் ஊரில் மைனஸ் 2. வானிலை ஆப் தவறா?

தவறாக இருக்க வேண்டியதில்லை. நவம்பர் கடைசியில் லண்டனில் மாலை 4 மணிக்குச் சூரியன் மறைந்தால் மறுநாள் காலை ஏழரைக்குத்தான் வரும். பதினைந்தரை மணி நேர இரவு. வானம் திறந்திருந்தால் தரை அவ்வளவு நேரமும் வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் மெல்ல இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் பென்சன், யார்க்ஷயரின் டாப்கிளிஃப், வட அயர்லாந்தின் கேட்ஸ்பிரிட்ஜ், ஸ்காட்லாந்தின் பிரேமார் போன்ற பெயர்கள் ‘நேற்றிரவு மிகக் குளிர்ந்த இடம்’ பட்டியலில் அடிக்கடி வருவதற்கு நிலத்தின் அமைப்பும் ஒரு காரணம். பிரேமாரில் 1919 நவம்பர் 14 அன்று மைனஸ் 23.3 டிகிரி பதிவாகியிருக்கிறது.

வடமேற்கு லண்டனில் ஹாரோ, பின்னர் (Pinner) பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு உள்ளூர்ச் செய்தி: சற்று வடமேற்கே உள்ள ரிக்மன்ஸ்வொர்த் பள்ளத்தாக்கு வானிலைப் பாடப்புத்தகங்களில் பேர்போனது. ரயில் பாதைக்காகப் போட்ட மண்மேடு, குளிர்ந்த காற்று வழிந்து ஓடும் வழியை அடைத்துவிட்டது. பெரிய அணை வேண்டாம். ஒரு மண்மேடு போதும்.

ஆப் 3 டிகிரி காட்டியது. ஆனால் காலையில் கார் கண்ணாடி முழுக்க ஐஸ். எப்படி?

அறிக்கையில் சொல்லும் வெப்பநிலை தரையிலிருந்து 1.25 மீட்டர் உயரத்தில், நிழலான பெட்டிக்குள் அளந்தது. காற்றில்லாத தெளிந்த இரவில் புல்லும் கார்க் கூரையும் அதைவிட 4, 5 டிகிரி கீழே போய்விடும். ஆகவே இரவுக் குறைந்தபட்சம் 4 டிகிரிக்குக் கீழே என்று பார்த்தால், காலையில் கண்ணாடி சுரண்டப் பத்து நிமிடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

கொதிநீர் ஊற்றாதீர்கள், கண்ணாடி விரிசல் விடும், வழிந்த நீர் வாசலில் உறைந்து உங்கள் காலையே வாரும். இஞ்சினை ஓடவிட்டு வீட்டுக்குள் போய் டீ குடிப்பதும் வேண்டாம். பொதுச் சாலையில் அது விதிமீறல். அதோடு கார் திருடுபவர்கள் காத்திருப்பது இந்தக் காலைகளுக்குத்தான்.

மூடுபனி எத்தனை மணிக்கு விலகும்?

செப்டம்பரில் கேட்டால் ஒன்பது, பத்து மணி என்று தைரியமாகச் சொல்லலாம். நவம்பர் கடைசியில் மதியம் ஒரு மணிக்கு விலகினாலும் அதிர்ஷ்டம்தான். சில நாள் விலகவே விலகாது. மூன்று மணிக்கெல்லாம் தரை மறுபடி குளிரத் தொடங்குவதால், விலகிய மூடுபனியும் இருட்டியதும் திரும்பி வந்துவிடும். டிரென்ட் பள்ளத்தாக்கு, யார்க் சமவெளி, தேம்ஸ் கரை, சாமர்செட் தாழ்நிலம், இவை வழக்கமான இடங்கள்.

பார்வைத் தூரம் 1 கிலோமீட்டருக்குக் கீழே போனாலே வானிலையாளர் கணக்கில் அது மூடுபனி. ஆனால் பொதுமக்களுக்கான அறிவிப்பில் மூடுபனி என்று சொன்னால் பெரும்பாலும் 180 மீட்டருக்கும் குறைவு என்று எடுத்துக்கொள்ளுங்கள். அது வண்டி ஓட்டுபவருக்கு நிஜமாகவே ஆபத்தான தூரம்.

மூடுபனியில் கார் ஓட்டும்போது?

பார்வைத் தூரம் 100 மீட்டருக்குக் கீழே போனால் ஃபாக் லைட் போடலாம். தெளிந்ததும் அணைத்தே ஆகவேண்டும், இல்லையென்றால் பின்னால் வருபவருக்குக் கண் கூசும், சட்டப்படியும் தவறு. பலரும் கவனிக்காத ஒன்று: ‘ஆட்டோ’வில் வைத்த விளக்கு மூடுபனியில் தானாக எரியாமல் போகலாம். அது இருட்டைத்தான் பார்க்கிறது, மூடுபனியை அல்ல. பகல் மூடுபனியில் பின்விளக்கே இல்லாமல் சாம்பல் நிறக் கார்கள் போவதற்கு இதுதான் காரணம். கையால் போட்டுவிடுங்கள். ஐஸ் இருந்தால் வண்டி நிற்க எடுக்கும் தூரம் பத்து மடங்குவரை கூடலாம் என்கிறது நெடுஞ்சாலை விதிநூல்.

முக்கியச் சாலைகளில் முந்தைய மாலையே கல் உப்புத் தூவிவிடுவார்கள். உங்கள் தெருமுனைவரை அந்த லாரி வராது. (ஸ்காட்லாந்தில் இந்த லாரிகளுக்கு வேடிக்கைப் பெயர்கள் வைத்து, எது எங்கே போகிறது என்று இணைய வரைபடத்தில் காட்டுகிறார்கள். குழந்தைகளுக்கு நல்ல பொழுதுபோக்கு.)

புயல் இல்லையே, ஹீத்ரோ விமானம் ஏன் ரத்தாகிறது?

மூடுபனியில் விமானம் தானியங்கி முறையில் இறங்க முடியும். ஆனால் ஓடுதளத்திலிருந்து வரும் வழிகாட்டும் சமிக்ஞையை முன்னால் போன விமானம் குலைத்துவிடாதபடி, அடுத்தடுத்த விமானங்களுக்கு இடையே இடைவெளியைக் கூட்டவேண்டும். ஹீத்ரோவில் இருப்பது இரண்டே ஓடுதளங்கள். சாதாரண நாளிலேயே அவை நிரம்பி வழிகின்றன. மணிக்குச் சில விமானங்கள் குறைந்தாலே மாலைக்குள் வரிசை நீண்டுவிடும், முதலில் ரத்தாவது குறுந்தூர விமானங்கள். சென்னை, கொழும்பிலிருந்து வருபவரை அழைக்கப் போகிறீர்கள் என்றால் கிளம்புமுன் விமான எண்ணைப் பாருங்கள்.

ரயிலுக்கு வேறு தொல்லை: உதிர்ந்த இலை. ஈரத்தோடு சக்கரத்தில் நசுங்கி, தண்டவாளத்தின் மேல் வழுக்கும் கரும்படலமாகிவிடும். தண்டவாளங்களைப் பராமரிக்கும் நெட்வொர்க் ரயில் நிறுவனம் அதை உயர் அழுத்த நீரால் கழுவவே தனி ரயில்களை ஓட்டுகிறது.

காற்று அசையாமல் நின்றால் உடம்புக்கு ஏதும் செய்யுமா?

செய்யலாம். வாகனப் புகையும் விறகு அடுப்புப் புகையும் அந்த மூடிக்குக் கீழேயே தங்கும். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள், அரசு தினமும் வெளியிடும் 1 முதல் 10 வரையிலான காற்றுத்தரக் குறியீட்டைப் பார்த்துவிட்டு வெளியே ஓடப் போகலாம். இப்போது பெரும்பாலான நாள்களில் எண் கீழேதான் இருக்கிறது. அப்படி இருப்பதற்குப் பின்னால் ஒரு கொடிய வார இறுதி உண்டு.

1952 டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை. லண்டன் மேல் உயர் அழுத்தம், காற்று இல்லை, கடுங்குளிர். ஒவ்வொரு வீட்டிலும் நிலக்கரி எரிந்தது, அனல் மின் நிலையங்களும் நகருக்குள்ளேயே. புகையும் மூடுபனியும் கலந்து சனி, ஞாயிறு முழுக்க நின்றன. பேருந்துக்கு முன்னால் ஒருவர் விளக்கோடு நடக்கவேண்டியிருந்தது. திங்கட்கிழமை சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கத்துக்குள் புகை புகுந்து, ஓபராவைப் பாதியில் நிறுத்தினார்கள். செவ்வாயன்று மேற்குக் காற்று வந்து கலைத்தது. அன்றைய கணக்கில் இறந்தவர்கள் சுமார் 4,000. பிற்கால ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. 1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. அந்த வார இறுதியில் சேதம் செய்தது புயலோ வெள்ளமோ அல்ல. வரைபடத்தில் பார்த்தால் மிகச் சாதுவான வானிலை அது.

காற்றாலைகள் நின்றால் மின்சாரம் போகுமா?

போகாது. 2024-ல் பிரிட்டனின் மின்சாரத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் காற்றிலிருந்து வந்தது; இப்படிப்பட்ட நாள்களில் அது சில சதவீதத்துக்கு இறங்கிவிடும். சூரிய மின்சாரமும் இந்த மாதத்தில் பெயருக்குத்தான். எரிவாயு நிலையங்கள் முழுவீச்சில் ஓடும், பிரான்ஸ், நார்வேயிலிருந்து கடலடிக் கம்பி வழியே வாங்குவார்கள். சிக்கல் என்னவென்றால் அதே உயர் அழுத்தம் பெரும்பாலும் ஜெர்மனி, டென்மார்க் மேலேயும் பரவி நிற்கும். அவர்களும் வாங்கவே வருவார்கள். மொத்த விலை ஏறும். நேரத்துக்கு நேரம் கட்டணம் மாறும் திட்டத்தில் இருப்பவர்கள் மாலை 4 முதல் 7 வரை வாஷிங் மெஷினைத் தள்ளிவைக்கலாம்.

துணி காயவே மாட்டேன் என்கிறது. ஜன்னலெல்லாம் தண்ணீர்.

காற்றும் வெயிலும் இல்லாத நாளில் வெளிக்கொடியில் போட்டால் காலையில் இருந்ததைவிட ஈரமாகத்தான் எடுப்பீர்கள். உள்ளே ரேடியேட்டர் மேல் போட்டால் அந்த ஈரம் குளிர்ந்த சுவரில் போய் ஒட்டும், இரண்டு வாரத்தில் அலமாரிக்குப் பின்னால் கரும்பூஞ்சை. நம் சமையலும் ஆவி நிறைந்தது: இட்லி, சோறு, ரசம், குக்கர். சமைக்கும்போது உறிஞ்சு விசிறியைப் போட்டு, அடுப்படிக் கதவைச் சாத்துங்கள். வெளியே மூடுபனியாக இருந்தாலும் பத்து நிமிடம் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்தால் பலன் உண்டு. குளிர்ந்த காற்றுக்குள் அடங்கும் நீராவி குறைவு. அது உள்ளே வந்து சூடானதும் வறண்ட காற்றாகிவிடும். இதைப் பலர் நம்புவதில்லை, ஈரப்பத மானி ஒன்று வாங்கிப் பார்த்தால் நம்புவார்கள்.

கரி அடுப்பையோ பார்பிக்யூவையோ குளிருக்காக உள்ளே கொண்டுவராதீர்கள். அணைந்தது போலிருந்தாலும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனை கிடையாது.

மலைக்குப் போகலாமா?

இந்த வானிலையின் நல்ல பக்கமே அதுதான். மேகத்தை அடைத்து வைக்கும் அந்த மூடியின் உயரம் பல நாள் 500 மீட்டருக்கும் 1,000 மீட்டருக்கும் இடையில் இருக்கும். வேல்ஸின் யர் விட்ஃபா (ஸ்நோடன்) 1,085 மீட்டர், ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் 1,345 மீட்டர். கீழே பார்க்கிங்கில் இருட்டும் ஈரமும். மேலே ஏறினால் வெயில், காலடியில் வெண்மேகக் கடல். மேகத்தின் மீது விழும் உங்கள் நிழலைச் சுற்றி வண்ண வளையங்களும் தெரியலாம்.

1894 செப்டம்பரில் பென் நெவிஸ் உச்சியிலிருந்த வானிலை நிலையத்தில் சில வாரம் வேலை பார்த்த சி.டி.ஆர். வில்சன் என்ற இளம் ஸ்காட்டிஷ்காரர் இந்த வளையங்களைப் பார்த்து மயங்கி, ஆய்வகத்தில் மேகம் செய்து பார்க்கத் தொடங்கினார். அது மேக அறையாக வளர்ந்தது, கண்ணுக்குத் தெரியாத துகள்களின் தடத்தைக் காட்டியது, 1927-ல் நோபல் பரிசு பெற்றுத் தந்தது. நீங்கள் பரிசு வாங்காவிட்டாலும் தலைவிளக்கு எடுத்துப் போங்கள். மூன்றரைக்குள் இறங்கிவிட வேண்டும்.

மஞ்சள் எச்சரிக்கை இல்லையென்றால் கவலை இல்லைதானே?

மெட் ஆபீஸ் மூடுபனிக்கும் ஐஸுக்கும் எச்சரிக்கை விடும், ஆனால் அது பரவலாக இருக்கும் என்றால்தான். சாதாரண உறைபனிக்கு எச்சரிக்கை கிடையாது. கடுங்குளிருக்கு இங்கிலாந்தில் சுகாதாரப் பாதுகாப்பு முகமை நவம்பர் முதல் மார்ச் வரை தனி எச்சரிக்கை விடுகிறது; வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அதையும் பாருங்கள். தொடர்ந்து ஏழு நாள் சராசரி 0 டிகிரி அல்லது அதற்குக் கீழே போனால், தகுதியுள்ள உதவித்தொகை பெறுபவர்களுக்கு 25 பவுண்டு தானாகவே வரும். ஸ்காட்லாந்தில் இந்த முறை இல்லை. அங்கே குளிர்காலத்துக்கு ஒரே தொகையாகத் தருகிறார்கள்.

ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். வெளியே அழைத்துப் போகலாமா?

தாராளமாக. காற்று இல்லாததால் 6 டிகிரி 6 டிகிரியாகவே இருக்கும். காற்றடிக்கும் 10 டிகிரியைவிட இது எளிது. பதினொரு மணியிலிருந்து இரண்டு மணிக்குள் போய் வாருங்கள். அவருக்குத் தேவை தடித்த கோட்டைவிடப் பிடிப்புள்ள காலணி. புடவையோடு செருப்பு போட்டு ஈர இலைமேல் நடக்கவிடாதீர்கள்.

இது எத்தனை நாள் நீடிக்கும்?

இரண்டு நாளும் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். நிலையாக நிற்கும் உயர் அழுத்தம் அட்லாண்டிக் புயல்களை வடக்கே திருப்பிவிடும். அது நகர்ந்ததும் கதவு திறந்த கதைதான். 2024-ல் அந்தச் சாம்பல் நாள்கள் முடிந்த சில தினங்களிலேயே வடக்குக் குளிரும் பனிப்பொழிவும் வந்தன. நவம்பர் 22-ம் தேதி பெர்ட் புயல் நுழைந்து, வேல்ஸில் பாண்டிபிரித் வெள்ளத்தில் மூழ்கியது. வானிலை அறிக்கையை ஐந்து நாள்வரை நம்பலாம், அதற்குமேல் ஜாதகம் பார்க்கிற மாதிரிதான்.

கார்த்திகை விளக்கு அந்த வார இறுதியில் வந்தால் வாசலில் ஏற்றலாமா?

2023-ல் நவம்பர் 26, ஞாயிற்றுக்கிழமையே வந்தது. காற்றில்லாத மாலையில் அகல் அணையாது, அந்த வகையில் இதைவிட நல்ல வானிலை இந்த நாட்டில் கிடைக்காது. ஆனால் தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே கட்டியாகிவிடும். வாசலில் வெண்மெழுகாய் நிற்கும். நல்லெண்ணெய் ஊற்றுங்கள். திரியை வீட்டுக்குள்ளேயே நன்றாக ஊறவைத்து, ஏற்றிய பிறகு வெளியே வையுங்கள். படியில் ஐஸ் இருந்தால் முதலில் சமையல் உப்பு ஒரு கைப்பிடி தூவிவிடுங்கள்.